இருமல் நின்ற பிறகு

"இருமல் நின்றுவிட்டது. நல்ல முன்னேற்றம்."

அந்தக் குழந்தையின் கோப்பில் இந்த இரண்டு வாக்கியங்களையும் என் கைப்பட எழுதினேன். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகத் திருப்பிச் சிரித்தாள். மூன்று வாரம் கழித்துக் குழந்தை நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது. காரணம் என்னுடைய இரண்டு வாக்கியங்கள்.

குழந்தைகளின் பேச்சும் விழுங்கலும் என் துறை. அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கல்லூரியின் தரைத்தளத்தில் ஒரு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. காலையில் அங்கே குழந்தைகள், மதியம் மாடியில் மாணவிகள். தி.நகரில் உறவினர் கல்யாணங்களுக்குப் போனால் இன்னமும் என்னைத் திக்குவாய் டீச்சர் என்றுதான் அறிமுகம் செய்து வைப்பார்கள். நான் மறுப்பதில்லை. என் முனைவர் பட்ட ஆய்வே பேச்சைப் பற்றியதுதான். சென்னைக் குழந்தைகள் எந்த வயதில் எந்த எழுத்தைச் சரியாக உச்சரிக்கிறார்கள், 'ர' எப்போது வரும், 'ழ' எப்போது வரும் என்று நான்கு வருடம் பால்வாடி பால்வாடியாக டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மதிப்பான தலைப்பு, சுத்தமான வேலை.

விழுங்கல் அப்படியில்லை. எச்சில், வாந்தி, ஒழுகும் சாதம், பிடிவாதமாக மூடிக்கொள்ளும் வாய். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், யாரும் எடுக்க விரும்பாத அந்தப் பாடத்தைப் புதிதாக வந்தவள் என்று என் தலையில் கட்டினார்கள். பதினாறு வருடம் அதைப் புத்தகத்தைப் பார்த்தே நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்கு அப்போது மூன்றரை வயது. நொச்சிக்குப்பத்திலிருந்து வந்தார்கள். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா ரோட்டோரம் மீன் விற்கிறவள். பிறந்தவுடன் குழந்தை அழவில்லை. மூளைக்கு மூச்சு போகாத அந்தச் சில நிமிடங்கள் கையையும் காலையும் விறைக்க வைத்துவிட்டன. தலை நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. நாக்கும் தொண்டையும் ஒன்று சொன்னால் ஒன்று கேட்பதில்லை. ஒவ்வொரு வாய்க்கும் இருமல். அரைக் கிண்ணம் ரசம் சாதம் ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றாள் அம்மா.

"காலைல ஒரு வாட்டி, மத்தியானம் ஒரு வாட்டி, ராவுக்கு ஒரு வாட்டி. இத்த ஊட்டிகினே இருந்தா நான் எப்ப மேடம் மீனு விக்கறது? என் நாத்தனாதான் கடையில குந்திகினு கீது."

மேடம் என்பாள், அடுத்த வார்த்தையே நீ, வா, போ என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. புத்தகத்தில் இருந்தபடி எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். படுக்க வைத்து ஊட்டாதே, நிமிர்த்தி உட்கார வை. சின்ன ஸ்பூனாக எடு. சாதத்தைக் குழைத்து மசி. ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய். அவள் எல்லாவற்றையும் செய்தாள். வாராவாரம் இரண்டு பஸ் மாறி வந்தாள். இருமல் குறைந்தது, பிறகு நின்றேவிட்டது.

"இப்பல்லாம் இருமறதே இல்ல மேடம். டீ குட்க்கலாமா? நாங்க குடிக்க சொல்லோ எங்க வாயவே பாத்துகினு கீது."

"கொஞ்சம் கொஞ்சமா குடுங்க" என்றேன்.

நமக்கெல்லாம் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவார்கள். உண்மையில் புரையேறுவது ஒரு காவல். தண்ணீர் வழி தவறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் தொண்டை விழித்துக்கொண்டு இருமித் தள்ளுகிறது. சில குழந்தைகளுக்கு அந்தக் காவல் நாளடைவில் ஓய்ந்துபோகும். தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். இருமல் வராது, முகம் மாறாது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். வருடா வருடம் ஒரு வகுப்பு முழுக்க இதைத்தான் நடத்தினேன். "இருமல் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை" என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். தேர்வில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி.

ஆஸ்பத்திரி வார்டில் குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. விலா எலும்புகள் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தன. பணியில் இருந்த குழந்தை மருத்துவர் என்னைவிட வயதில் மிகவும் இளையவர். கோப்பைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார்.

"விழுங்கறப்போ எக்ஸ்-ரே வீடியோ எடுத்துப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"நாங்க அனுப்பற ஆஸ்பத்திரியில அந்த மிஷினைப் பெரியவங்களுக்கு மட்டும்தான் பயன்படுத்தறாங்க. குழந்தைகளுக்கு எடுக்கறதில்லை."

"எடுக்கச் சொல்லிக் கேட்டீங்களா?"

கேட்டதில்லை. பதினாறு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் குற்றம் சாட்டவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

குழந்தையின் அம்மா கட்டிலை ஒட்டித் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். நானும் கீழே உட்கார்ந்தேன். வரும் வழியில் என்னவெல்லாமோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"தப்பு என்னுதும்மா. இருமல் நின்னா நல்லதுன்னு நான் சொன்னேன். அது நல்லதான்னு பார்த்துட்டுத்தான் சொல்லியிருக்கணும். பார்க்கல."

அவள் கட்டில் மேல் கையை நீட்டினாள். குழந்தையின் கால் விரலைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தாள்.

"நீ சொன்னன்னுதான் மேடம் குட்த்தேன். ஆசையா குடிச்சுது. பாதி டம்ளர் போதும்னு நெனச்சேன். அது இன்னும் இன்னும்னு வாயத் தொறந்துது. முழு டம்ளரும் குட்த்தேன். டெய்லி குட்த்தேன்."

நான் எட்டி, நழுவியிருந்த குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன்.

"அயுதுகினு குந்தினா ஆவாது" என்றாள். அழுதது நானா அவளா என்று இப்போது நினைவில்லை. "இனிமே இன்னா பண்ணணும்? அத்த சொல்லு."

மறுநாள் துறைத்தலைவரிடம் போனேன். கோப்பில் நடந்ததை எழுதப் போகிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர்தான். எனக்கு உதவி செய்வதாகவே நினைத்தார்.

"எழுதுங்க. ஆனா 'வீட்டில் திரவ உணவு கொடுக்கப்பட்டது'ன்னு எழுதுங்க. அதுவும் உண்மைதானே?"

உண்மைதான். அதில் யார் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்பது மட்டும் இருக்காது. படிக்கிறவர்கள் அந்த மீன்காரப் பெண்ணைத்தான் நினைப்பார்கள். "என் ஆலோசனையின் பேரில் வீட்டில் தேநீர் கொடுக்கப்பட்டது. விழுங்கல் எக்ஸ்-ரே பரிசோதனை செய்யாமல் அந்த ஆலோசனையைக் கொடுத்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க இஷ்டம்" என்றார்.

அதற்குப் பிறகு மிஷின்.

நாங்கள் நோயாளிகளை அனுப்பும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே பிரிவின் தலைவர் மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற மூன்று வருடம் பாக்கி இருந்தவர். முதல் முறை போனபோது நேரம் இல்லை என்றார். இரண்டாம் முறை, குழந்தைகள் அழும், அசையும், படம் சரியாக வராது என்றார். மூன்றாம் முறை நான் போய் நின்றதும் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்கோ. விடமாட்டேள் போலிருக்கே. வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு மிஷின் சும்மா இருக்கும். ஒரு மணி நேரம். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்கோ. இந்த மிஷினுக்குப் பெரியவா நிக்கலாம், படுக்கலாம். தலை நிக்காத குழந்தையை எப்படி உட்கார வைக்கப் போறேள்? மடியில வெச்சுண்டு ஒருத்தர் உட்கார்ந்தா அவா எலும்பும் சேர்ந்து படத்துல விழும்."

அதற்கான விசேஷ நாற்காலி வெளிநாட்டில் கிடைக்கிறது. படம் பார்த்திருக்கிறேன். அதை வாங்கித் தரக் கேட்டு எழுதினால் என் ஓய்வுக்கு முன் பதில் வந்தால் அதிர்ஷ்டம்.

குழந்தை வீட்டுக்குத் திரும்பிய வாரம், வீட்டில் எப்படி உட்கார வைக்கிறார்கள் என்று பார்க்க நொச்சிக்குப்பம் போனேன். மூன்று மாதம் "நிமிர்த்தி உட்கார வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, எதில் உட்கார வைக்கிறார்கள் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. வீட்டு வாசலில் நீல நிற பிளாஸ்டிக் மீன் பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கத்தைக் குழந்தையின் அப்பா கத்தியைச் சூடு பண்ணி அறுத்து எடுத்திருந்தார். உள்ளே பழைய புடவைகளைச் சுருட்டி இரண்டு பக்கமும் அடைத்திருந்தார்கள். நடுவில் குழந்தை, தலைக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணையோடு, அசையாமல் நேராக உட்கார்ந்திருந்தது. எங்கள் சிகிச்சைப் பிரிவில் இருந்த எந்த நாற்காலியிலும் அது அவ்வளவு நேராக உட்கார்ந்ததில்லை.

நான் பெட்டியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இரும்பு இல்லை, ஆணி இல்லை. பிளாஸ்டிக் எக்ஸ்-ரேயில் மங்கலாகத்தான் விழும். பையிலிருந்து டேப்பை எடுத்து அகலத்தை அளந்தேன். மிஷினின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே போகும்.

"இன்னா மேடம், பொட்டி வாங்கப் போறியா?" என்று குழந்தையின் அப்பா சிரித்தார். அவர் அதிகம் பேச மாட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது வேணாம், வாடை அடிக்கும். புதுசு ஒண்ணு அறுத்துத் தரேன்" என்றார்.

அந்த வீட்டில் அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். அம்மா கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் குழந்தை உதட்டை இறுக்க மூடிக்கொண்டது. அவள் ஸ்பூனின் நுனியால் உதட்டை விலக்கிக் கூழை உள்ளே தள்ளினாள்.

"வேணாம்னு சொல்றாளே" என்றேன்.

"எங்க மேடம் சொல்லுது? இதுக்குத்தான் பேச வராதே."

"வாயை மூடினா வேணாம்னு அர்த்தம். அதுவும் பேச்சுதான். நீங்க நிறுத்தினா, தான் சொன்னது அம்மாவுக்குப் புரிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியும்."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். வயிறு நிறைய வேண்டுமே என்ற கவலையும் முகத்தில் இருந்தது. காத்திருந்தோம். கடற்கரையில் யாரோ ஏலம் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை அம்மாவைப் பார்த்தபடியே வாயைத் திறந்தது.

"அட!" என்றாள் அவள். "நாத்தனாகிட்ட சொல்லணும் இத்த."

வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு நான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் அம்மா, இரண்டு மாணவிகள், மீனே படாத புது மீன் பெட்டி, எல்லோரும் எக்ஸ்-ரே அறை வாசலில் நின்றோம். மயிலாப்பூர் டாக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது? ஆத்துல இதைச் சொன்னா என்னை வாசல்லயே குளிச்சுட்டு உள்ள வான்னுடுவா."

"புதுசு சார். நீங்களே மோந்து பாருங்க" என்றாள் குழந்தையின் அம்மா. அவர் உண்மையிலேயே குனிந்து மோந்து பார்த்தார். பிறகு பெட்டியைத் தானே தூக்கி மிஷினுக்கு நடுவே வைத்தார்.

தேநீரில் பேரியம் என்ற வெள்ளைப் பொடியைக் கலந்தோம். அது எக்ஸ்-ரேயில் கறுப்பாகத் தெரியும். போகிற வழியைக் காட்டும். அம்மா ஈய அங்கியை மாட்டிக்கொண்டு பெட்டி பக்கத்தில் நின்று ஒரு ஸ்பூன் கொடுத்தாள். திரையில் கறுப்புக் கோடு நாக்கைத் தாண்டியது. தொண்டையில் ஒரு கணம் தேங்கியது. பிறகு மெல்லிய நூல்போலப் பிரிந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. குழந்தை இருமவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பதினாறு வருடம் ஸ்லைடில் காட்டிய படம். என் கண்முன்னால் நடந்து அப்போதுதான் பார்த்தேன்.

"நிறுத்துங்கோ" என்றார் டாக்டர். அவர் குரல் மாறியிருந்தது. அடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கெட்டியான கேழ்வரகுக் கூழைக் கொடுத்தோம். அது உருண்டையாக, மெதுவாக, ஒரு சொட்டுக்கூட வழி தவறாமல் உணவுக்குழாயில் போனது. மறுபடி கொடுத்தோம். மறுபடியும் அதே.

அம்மாவைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டினார் டாக்டர். அவள் விரலால் அந்த நூலைத் தொட்டாள்.

"இதுவா டீ?"

"ஆமாம்மா."

"அப்ப கெட்டியாத் துன்னா ஒண்ணியும் ஆவாது."

"கெட்டியா இருக்கணும். எவ்வளவு கெட்டின்னு நாம கண்டுபிடிக்கணும்" என்றேன்.

தண்ணீரையும் டீயையும் கெட்டியாக்கும் பவுடர் கடையில் கிடைக்கிறது. எல்லா வீட்டிலும் தினம் வாங்கக்கூடிய சரக்கு அல்ல அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டு அடுப்படியைக் காலி செய்து உட்கார்ந்தேன். ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்ச், என் கைப்பேசியில் நேரம் பார்க்கும் வசதி, இவைதான் கருவிகள். சிரிஞ்சில் பத்து மில்லி ஊற்றி அடியில் விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். விரலை எடுத்துப் பத்து விநாடி எண்ணி மறுபடி அடைக்க வேண்டும். எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவு கெட்டி. டீ முழுக்க ஓடிவிட்டது. ரசமும் அப்படியே. மோரில் ஏதோ மிச்சம் நின்றது. கேழ்வரகுக் கூழ் அசையவே இல்லை. என் கணவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்குச் சாப்பாடு வெளியிலயா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆரோரூட் என்கிற கூவைக்கிழங்கு மாவு போட்டுக் காய்ச்சிய டீ சிரிஞ்சில் சரியாக நின்றது. வெற்றி என்று நினைத்து பிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். குழந்தை முதல் ஸ்பூனை விழுங்கியது. முகத்தைச் சுளித்தது. உதட்டை இறுக்கிக்கொண்டது. நானும் அவள் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் ஒரு ஸ்பூன் எடுத்துத் தானே ருசி பார்த்தாள்.

"இது டீயா மேடம்? துணிக்குப் போடற கஞ்சி கணக்கா கீது. அது வேணாம்னு சொல்றது கரீட்டுதான்."

அவள்தான் ரஸ்க் என்றாள். டீக்கடையில் எல்லோரும் ரஸ்க்கை டீயில் தோய்த்துத்தானே தின்கிறார்கள்? பக்கத்து வீட்டு மிக்ஸியில் ரஸ்க்கை மாவாகப் பொடித்து, சல்லடையில் சலித்து, சூடான டீயில் கலந்தாள். பாகுபோல ஆனது. சிரிஞ்சில் ஊற்றினேன். பத்து விநாடி கழித்துச் சொட்டுகூட இறங்கியிருக்கவில்லை. நான் தலையாட்டுவதற்கு முன்பே குழந்தை வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அதையும் மிஷினில் வைத்துப் பார்த்த பிறகுதான் "தினமும் குடுங்க" என்று சொன்னேன்.

என் ஆய்வை மாற்றிக்கொள்வது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். வயது நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. 'ர'வையும் 'ழ'வையும் என்னை விடச் சின்னவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சென்னை வீடுகளில் குழந்தைகளுக்கு ஊட்டும் உணவுகள் எது எவ்வளவு கெட்டி, எது எந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று அளந்து எழுதப் போகிறேன் என ஆய்வுக் குழுவின் முன் திட்டத்தை வைத்தேன். நீளமான மேசை, ஏழு பேர், தட்டில் முறுக்கும் டீயும். ஒருவர் திட்டத்தைப் பாதி படித்துவிட்டுச் சிரித்தார்.

"மேடம், இது ஆராய்ச்சியா, சமையல் குறிப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட அவர்களுக்குப் புரிய வைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் பெரிதாக இருந்தது. பையில் சிரிஞ்ச் இருந்தது. அந்த நாட்களில் எப்போதும் இருக்கும். கேட்டவரின் கோப்பையிலிருந்து பத்து மில்லி டீயை எடுத்தேன். விரலை விட்டேன். காலித் தட்டில் டீ ஒழுகி முடிந்தது.

"இது நாலு வயசுக் குழந்தை நுரையீரலுக்குள்ள போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சார். எந்த வீட்டு உணவு இப்படி ஓடாதுன்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதி ஒரு அம்மா கையில குடுக்க முடியல. ஏன்னா, நாம யாரும் அதை அளந்ததே இல்லை. வெளிநாட்டுப் புத்தகத்துல ஓட்ஸும் ஆப்பிள் மசியலும் இருக்கு. கூழ் இல்லை, குழைஞ்ச இட்லி இல்லை, ரசம் சாதம் இல்லை."

சிரிப்பு நின்றது. அன்றைக்கு அனுமதி கிடைக்கவில்லை. மாதிரி எண்ணிக்கை போதாது, கருவி எளிமையாக இருக்கிறது, மறுபடி எழுதி வாருங்கள் என்றார்கள். எழுதிக்கொண்டு போனேன். இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை கையெழுத்தானது. சமையல் குறிப்பு என்று சொன்னவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். பாதாம் பாலையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த வருடத்து மாணவிகள் கல்லூரி ஆய்வகத்தில் சமைத்த சமையலுக்குக் கணக்கில்லை. வாட்ச்மேன் வந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போவார். அளந்த உணவுகளின் பட்டியலைப் படம் போட்டு ஒரு பக்கத்தில் அச்சடித்தோம். முதல் பிரதியை மீன்கடையில் குழந்தையின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மிதமான தடிமன்" என்று போட்டிருந்ததை அவள் விரலால் சுட்டிக்காட்டி, "இன்னா மேடம் இது, தடிமன்னா சளிதானே?" என்று கேட்டாள். பக்கத்துக் கடைப் பெண்ணும் அதையே சொன்னாள். "தோசை மாவு பதம்" என்று மாற்றி மறுபடி அச்சடித்தோம்.

விழுங்கல் பாடத்தில் இருமலைப் பற்றிய அந்த வகுப்பு வந்தபோது ஸ்லைடைப் போடவில்லை. குழந்தையின் அம்மாவிடம் அனுமதி வாங்கி, வெள்ளிக்கிழமை எடுத்த வீடியோவைப் போட்டேன். கோப்பில் நான் எழுதிய முதல் இரண்டு வாக்கியங்களையும், பின்னால் எழுதியதையும் பெரிதாக்கிக் காட்டினேன். யார் எழுதியது என்றும் சொன்னேன். முதல் பெஞ்சில் இருந்த மாணவி எழுந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண், எதையும் நேராகக் கேட்பவள்.

"மேடம், பதினாறு வருசமா பாடம் எடுக்கிற உங்களுக்கே இப்படின்னா, நாங்க என்ன செய்ய?"

"பாடம் எடுத்தேனே தவிர பார்க்கலை. நீங்க பார்க்காம எழுதாதீங்க. பார்க்க வழியில்லைன்னு யாராவது சொன்னா, மூணு தடவையாவது போய்க் கேளுங்க."

அவள் உட்காரவில்லை. "மூணு தடவை போயும் இல்லைன்னு சொன்னா?"

"நாலாவது தடவை என்னையும் கூட்டிட்டுப் போ."

அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது முடியப் போகிறது. பேச்சு வரவில்லை, வரும் என்று நான் அவள் அம்மாவிடம் சொல்வதில்லை. கண்ணாலும் உதட்டாலும் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறாள். ஒரு மழைக்காலத்தில் மட்டும் காய்ச்சலாக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மற்றபடி நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. இரண்டு அளவு பெரிய பெட்டி வாங்கி அவள் அப்பா அறுத்துக் கொடுத்துவிட்டார். ஊட்டும் நேரம் அரை மணியாகக் குறைந்ததில் அம்மா கடைக்குத் திரும்பிவிட்டாள். சனிக்கிழமை காலையில் நான் மீன் வாங்கப் போனால் சங்கராவை நிறுத்துப் போட்டுவிட்டு, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த வாரம் மகள் என்னென்ன தின்றாள் என்று ஒப்பிப்பாள். போன மாதம் வேறு ஒரு பெண்ணைக் கைக்குழந்தையோடு என் சிகிச்சைப் பிரிவுக்கு அவளே கூட்டிவந்தாள். "இது நம்ம எடம்தான், பயப்படாத, குந்து" என்று எனக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மயிலாப்பூர் டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். போகும்போது வெள்ளிக்கிழமை ரெண்டு மணியை எழுத்தில் போட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின் வந்தவர் அதை நீக்கவில்லை. நீக்கலாமா என்று யோசித்த வாரத்தில் ஏழு குழந்தைகளோடு நான் போய் நின்றது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த மாதம் மிஷின் பழுது. உதிரி பாகம் வரவேண்டுமாம். நகரத்துக்கு வெளியே மாற்றுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களிலிருந்து மூன்று குழந்தைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒருமுறை இங்கே வந்துபோக ஒரு நாள் முழுக்க ஆகிறது. தினமும் காலை பத்து மணிக்கு எக்ஸ்-ரே பிரிவுக்குப் போன் செய்கிறேன். இன்று எடுத்த பெண், நான் பேச ஆரம்பிப்பதற்குள், "தெரியும் மேடம், இன்னும் வரலை" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். கிண்டியைத் தாண்டி இன்னொரு ஆஸ்பத்திரியில் இதே மிஷின் இருக்கிறது என்று மதுரைப் பெண் விசாரித்துச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் என்னிடம் ஆய்வு மாணவி. மதியம் இருவரும் அங்கே கேட்கப் போகிறோம். முதல் தடவை.